மடிப்புக்கு முன்னால் மேட்டர்

கோவை கொடிசியா வளாகத்தில் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சி நெருங்கும் வாரங்களில் அந்தப் பக்கத்து அச்சகங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பம்ப் கம்பெனி, சொட்டுநீர்க் குழாய்க் கம்பெனி, பவர் டில்லர் டீலர், நாற்றுப் பண்ணை என்று எல்லோருக்கும் புரோஷர் வேண்டும். அதுவும் நாளை மறுநாளே வேண்டும். கண்காட்சி முடிகிற நேரத்தில் அரங்குகளை ஒரு சுற்று வந்தால், ராத்திரி பகலாக ஓட்டிய தாளெல்லாம் எங்கே போனது என்பது தெரிந்துவிடும். சில புரோஷர்கள் பத்திரமாகப் பைக்குள் ஏறி ஊருக்குப் போகின்றன. பல, ஸ்டாலை விட்டு நாலு எட்டு வைப்பதற்குள் குப்பைக் கூடைக்குப் போகின்றன. கூடைக்குப் போனவற்றின் அச்சில் குறை சொல்ல ஒன்றுமிருக்காது. மேட் லேமினேஷன், ஸ்பாட் யூவி, டை கட்டிங் என்று காசைக் கொட்டியவையும் அங்கேதான் கிடக்கும்.

தாள் விலை பற்றியும் பிளேட் விலை பற்றியும் நாம் மணிக்கணக்கில் பேசுவோம். அடித்துக் கொடுத்த புரோஷரால் ஒரு என்கொயரியாவது வந்ததா என்று வாடிக்கையாளரிடம் கேட்பவர் அபூர்வம். கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும். தமிழ்ப் புரோஷர் கோட்டை விடுவது மேட்டரில். ஆங்கிலத்தில் முடித்துவைத்த டிசைனுக்குள் தமிழைக் கொண்டுபோய்த் திணிக்கிற பழக்கம் இருக்கிறவரை எந்த லேமினேஷனும் அதைக் காப்பாற்றப் போவதில்லை.

வேலை எப்படி வந்து சேர்கிறது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. வாட்ஸ்அப்பில் ஒரு ஆங்கில பிடிஎஃப் வரும். பின்னாலேயே, “இதையே தமிழில் போட்டுக் கொடுத்துடுங்க, ரெண்டாயிரம் காப்பி” என்று ஒரு குரல் செய்தி வரும். டிடிபி போடும் தம்பி அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்து, இருக்கிற கட்டத்துக்குள் ஒட்டுவார். தமிழ் நீளும். ஆங்கிலத்தில் நாலு வரியில் அடங்கியது ஆறு வரி கேட்கும். உடனே எழுத்தை 7 பாயின்ட்டுக்கு இறக்குவார். அதிலும் அடங்காவிட்டால் பக்கவாட்டில் 80 சதவீதத்துக்கு நசுக்குவார். அப்புறம் வரி இடைவெளியில் கை வைப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கட்டத்தை மாற்ற அவருக்கு அனுமதி இல்லை, வாசகத்தைக் குறைக்க அதிகாரமும் இல்லை. நசுக்குவது ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது.

பம்ப் புரோஷரையே எடுத்துக்கொள்வோம். கோவையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தத் தொழிலால். முகப்பில் உதய சூரியன், அதன் கீழ் கோதுமை வயல். இணையத்தில் வாங்கிய படம். பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் அதில் தன்னை எங்கே கண்டுகொள்வார்? படத்துக்குக் கீழே “தரத்தில் சமரசமில்லை”. திறந்தால் நிறுவனர் படம், கம்பெனி வரலாறு, தொலைநோக்கு, குறிக்கோள். பம்ப் என்ன செய்யும் என்று சொல்லும் அட்டவணை கடைசி மடலில், 6 பாயின்ட்டில், கிலோவாட்டிலும் மீட்டரிலும் விநாடிக்கு லிட்டரிலும் இருக்கும்.

விவசாயி கேட்கும் கேள்வி வேறு. “போர் எண்ணூறு அடி, தண்ணி ஐந்நூறுல நிக்குது. எத்தனை எச்.பி. வேணும்? எத்தனை இஞ்சு தண்ணி வரும்? சிங்கிள் பேஸ்ல ஓடுமா? கரண்டு கம்மியா வந்தா காயில் புகைஞ்சிடுமா? புகைஞ்சா யார் வந்து மேலே தூக்குவாங்க?” அவருக்கு ஆழம் அடியில்தான் ஓடுகிறது. மீட்டரில் போட்டால் அதை 3.28-ஆல் பெருக்கிப் பார்க்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம். மொத்த ஹெட் 150 மீட்டர் என்பதன் பக்கத்திலேயே 492 அடி என்று போட எத்தனை மை செலவாகும்? தண்ணீரை இஞ்சில் சொல்வது துல்லியமில்லை என்று கம்பெனி இன்ஜினியர் ஆட்சேபிப்பார். அவர் சொல்வது சரிதான். அதற்காக விநாடிக்கு லிட்டரோடு நின்றுவிட வேண்டுமா? நிமிடத்துக்கு 60 லிட்டர் என்பதை மணிக்கு 3,600 லிட்டர் என்று போட்டு, டெலிவரி குழாயின் அளவையும் சேர்த்துவிட்டால் அவர் தொட்டிக் கணக்கு போட்டுக்கொள்வார்.

இந்தக் கேள்விகள் எல்லாம் எங்கே கிடைக்கும்? கம்பெனி எம்.டி.யிடம் கிடைக்காது. டீலர் கடைக் கவுன்டரில் அரை நாள் உட்கார்ந்தால் கிடைக்கும். சர்வீஸுக்குப் போய்வரும் மெக்கானிக்கோடு ஒரு டீ குடித்தால் இன்னும் நன்றாகக் கிடைக்கும். புரோஷருக்கு மேட்டர் எழுதுவது என்றால் பெரும்பகுதி இதுதான். எழுதுவது கடைசி ஒரு மணி நேர வேலை.

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மலிவுத் தாள், மங்கலான பிளாக், நாலைந்து பக்கம். கதைச் சுருக்கத்தைச் சிக்கல் முற்றும் இடம்வரை சொல்லி, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நிறுத்திவிடுவார்கள். வாசகர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும், எதற்காகத் திரும்பி வர வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. தயாரிப்பாளரின் குடும்ப வரலாற்றை அதில் யாரும் அச்சடிக்கவில்லை. இன்றைய புரோஷரில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற பதற்றம் தெரிகிறதே தவிர, படித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிவதில்லை.

மேட்டர் கைக்கு வந்த பிறகும் கம்ப்யூட்டரிடம் போக வேண்டாம். வெற்றுத் தாளை எடுத்து மடியுங்கள். மூன்று மடிப்புப் புரோஷரில் வாசகர் கண் போகும் வரிசை திரையில் தெரியவே தெரியாது. திரையில் ஆறு மடலும் இரண்டு பக்கமாகப் பரந்து கிடக்கும். கையில் முதலில் முகப்பு. அதைத் திறந்தால் இடது பக்கம் உள்மடல், வலது பக்கம் உள்ளே மடிந்து கிடக்கும் மடலின் முதுகு. அந்த முதுகைத்தான் வாசகர் இரண்டாவதாகப் பார்க்கிறார். நாமோ ஃபைலில் அது வெளிப்பக்க ஓரத்தில் கிடப்பதால், மிச்சம் மீதி மேட்டரைப் போடும் இடமாக வைத்திருக்கிறோம். பம்ப் புரோஷரில் அந்த இடத்துக்கு உரியது “உங்கள் கிணற்றுக்கு எது?” என்ற நாலு வரித் தேர்வு. அதையும் விரித்தால் மூன்று மடலும் சேர்ந்த முழு அகலம் கிடைக்கிறது. அட்டவணை அங்கே தாராளமாக உட்காரும். ஒன்று மட்டும் கவனம்: எண்கள் இருக்கும் பத்தி மடிப்புக் கோட்டில் விழக்கூடாது. நாலு தடவை மடித்து விரித்தால் அந்த எண்தான் முதலில் தேயும்.

அளவைச் சொல்லாமல் விட்டால் பைண்டிங்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏ4 தாளை உள்ளே மடங்கும் மூன்று மடலாக்கும்போது 100, 100, 97 மில்லிமீட்டர் என்று பிரிக்க வேண்டும். உள்ளே போகும் மடல் குறுகலானது. வெளிப்பக்க ஃபைலில் இடமிருந்து வலமாக 97, 100, 100. உள்பக்கத்தில் 100, 100, 97. மூன்றையும் 99 என்று சமமாகப் பிரித்து வரும் ஃபைல்கள் இன்றைக்கும் குவிகின்றன. உள்மடல் முட்டிக்கொண்டு நிற்கும், புரோஷர் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். இசட் மடிப்பு என்றால் சமப் பிரிவு போதும். தாளின் கிரெயின் மடிப்புக் கோட்டோடு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கெட்டி நிறம் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். 170 ஜிஎஸ்எம்முக்கு மேல் போனால் கிரீசிங் போடாமல் மடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கணக்கு, காசு சம்பந்தப்பட்டது. 18×23 இஞ்ச் டெமி தாளில் நாலு ஏ4 அடங்காது. ஏ4-இன் நீளம் 11.69 இஞ்ச், இரண்டு சேர்ந்தால் 23.38. அதே தாளில் 8.5×11 நாலு அழகாக உட்காரும், பிளீடுக்கும் இடம் இருக்கும். வாடிக்கையாளருக்குக் கால் இஞ்ச் அகலம் கூடுகிறது, முக்கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக நீளம் போகிறது, தாள் வீணாகவில்லை. இதை டிசைன் முடிந்த பிறகு சொல்வதில் அர்த்தமில்லை. அளவு பேசும் முதல் நாளே சொல்ல வேண்டியது அச்சகத்தின் கடமை.

லேமினேஷன் பற்றி நமக்குள் ஒரு மூடநம்பிக்கை உண்டு: போட்டால் கௌரவம், போடாவிட்டால் சிக்கனம். டீலர் மூலம் போகும் புரோஷரின் கடைசி மடலில் டீலர் தன் ரப்பர் ஸ்டாம்பை வைப்பார். விலையைப் பேனாவால் எழுதிக் கொடுப்பார். விலை அடிக்கடி மாறும் பொருளுக்கு அதுதான் வழி. கிளாஸ் லேமினேஷனில் ஸ்டாம்ப் மை காயாது, விரல் பட்டால் இழுக்கும். பால் பாயின்ட் வழுக்கும். டீலரின் போன் நம்பர் அழிந்துபோன புரோஷர் எத்தனை கிராம் ஆர்ட் பேப்பரில் இருந்து என்ன? இந்த மாதிரி வேலைக்கு நல்ல மேப்லித்தோ, அல்லது லேமினேஷன் இல்லாத மேட் ஆர்ட் போதும். ஸ்டாம்புக்கென்று ஒரு வெள்ளைக் கட்டத்தை டம்மியிலேயே ஒதுக்குங்கள். கிளினிக், ஸ்கேன் சென்டர் புரோஷருக்கும் இதே நியாயம்தான். வரவேற்பில் இருப்பவர் அதன் மேல்தான் அடுத்த தேதியை எழுதிக் கொடுக்கிறார்.

இனி எழுத்து. தமிழுக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். மேலே புள்ளியும் இகர, ஈகாரச் சுழியும். கீழே கு, து, நூ என்று இறங்கும் கால்கள். இன்டிசைன் தானாகக் கொடுக்கும் 120 சதவீத வரி இடைவெளி ஆங்கிலத்துக்குக் கணக்கிட்டது. 10 பாயின்ட் தமிழுக்கு 14 கொடுங்கள்; எழுத்துரு உயரமானது என்றால் 15. கெட்டி நிறத்தின் மேல் வெள்ளையாக விடும் தமிழ் எழுத்து 10 பாயின்ட்டுக்குக் கீழே போனால் புள்ளிகள் மையில் மூடிக்கொள்ளும். நாலு நிறம் சேர்ந்த பின்னணி என்றால் இன்னும் மோசம், ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலே போதும். மெல்லிய எழுத்துருவைத் தலைகீழ் நிறத்தில் போடும் ஆசையை டிசைனர்கள் விட்டொழிக்க வேண்டும். சிறிய எழுத்து கறுப்பாக இருந்தால் அது கறுப்பு பிளேட்டில் மட்டும் இருக்கட்டும். கான்வாவிலிருந்தும் போட்டோஷாப்பிலிருந்தும் வரும் ஆர்ஜிபி கறுப்பு, சிஎம்ஒய்கே-க்கு மாறும்போது நாலு பிளேட்டிலும் பரவிவிடும். அட்டவணையின் எண்கள் நிழல் தட்டி நிற்பதற்கு மெஷின்மேன் காரணமல்ல.

எழுத்துருப் பஞ்சம் என்ற பழைய சாக்கு இனி செல்லாது. நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கடமரன், மீரா இனிமை என்று இலவசமாகவும் முறையான உரிமத்தோடும் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள் நிறைய. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இருந்தும் பல டிடிபி மையங்களில் வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வாசகத்தைப் பாமினிக்கோ வேறு பழைய குறியாக்கத்துக்கோ மாற்றி பேஜ்மேக்கரில் ஒட்டுகிறார்கள். மாற்றும்போது நடுவில் இருந்த ஆங்கில எழுத்துகள், மாடல் நம்பர், அலகுக் குறி எல்லாம் புரியாத தமிழ் எழுத்துகளாக மாறி உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் செல்போனில் ஜேபெக் ப்ரூஃபைப் பார்த்து ‘ஓகே’ போட்டுவிடுவார். மாடல் நம்பர் தப்பாகப் போன இரண்டாயிரம் காப்பிக்கு யார் பொறுப்பு என்ற பஞ்சாயத்து அப்புறம். இன்டிசைனில் தமிழுக்கு வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் அததன் இடத்தில் நிற்கும். யூனிகோடு சரிப்படாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு அமைப்பை மாற்றாதவர்கள். ப்ரூஃபை அச்செடுத்து, வெட்டி, மடித்து, கையெழுத்து வாங்குங்கள். செல்போன் ப்ரூஃப் ப்ரூஃபே அல்ல.

க்யூஆர் கட்டம் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை விட்டு, கட்டத்தைக் கறுப்பிலேயே போடுங்கள். மாதச் சந்தாவில் ஓடும் டைனமிக் க்யூஆர் என்றால் சந்தா நின்ற அன்று அச்சடித்த அத்தனை தாளிலும் அது செத்துப்போகும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். தமிழ்ப் புரோஷரின் க்யூஆர் ஆங்கில முகப்புப் பக்கத்துக்குப் போவது வெட்டி வேலை. டீலரின் வாட்ஸ்அப்புக்கோ, பொருத்தும் முறையைக் காட்டும் தமிழ் வீடியோவுக்கோ போகட்டும்.

மேட்டர் நம் வேலையில்லை என்று நினைப்பவர்களுக்குச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. தேர்தல் நோட்டீஸ் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுக்குப் பயந்து அச்சகப் பெயரைப் போட மறக்காத நாம், வணிகப் புரோஷரில் கண்ணை மூடிக்கொள்கிறோம். மருந்துகள் மற்றும் மாய மருத்துவ (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954 சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பது என்பதில் அதை அச்சடிப்பதும் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்குகிறது. வைத்தியசாலைக்காரர் கொடுத்ததை அப்படியே போட்டேன் என்பது தப்பிக்கும் வழியல்ல.

வீட்டுமனை, அடுக்குமாடிப் புரோஷர்களில் ஆபத்து வேறு வகை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி திட்டத்தின் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் விளம்பரத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும். விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி, அதை நம்பிப் பணம் கட்டியவர் நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்க 12-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. இதில் மாட்டுவது புரமோட்டர்தான். ஆனாலும் “பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்” என்ற வரியைப் பார்த்தவுடன் “எவ்வளவு கிலோமீட்டர் சார்?” என்று கேட்கும் டிசைனரை எந்த புரமோட்டரும் பிறகு விடமாட்டார். பம்ப் புரோஷரில் ஐஎஸ்ஐ முத்திரையும் அப்படித்தான். இணையத்திலிருந்து இறக்கி ஒட்டுவதற்கு அது அலங்காரமில்லை. மேலே தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருந்தால்தான் அது முத்திரை. நீர்மூழ்கி பம்ப்செட்டுக்கு உரியது ஐஎஸ் 8034, மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079. ஒரு கம்பெனிக்கு ஒன்றுக்கு உரிமம் இருந்து மற்றதற்கு இல்லாமல் இருக்கலாம். உரிம எண்ணைக் கேளுங்கள். தரவில்லை என்றால் முத்திரையை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் யார் செய்வது, யார் காசு கொடுப்பது என்று வாசகர்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. “டிசைன் இலவசம்” என்று போர்டு மாட்டியவர்கள் நாம்தான். பக்கத்து அச்சகம் போட்டதால் நாமும் போட்டோம். இலவசமாகக் கொடுத்த எதற்கும் நேரம் ஒதுக்க முடியாது. எனவே மேட்டரைச் செயலி எழுதுகிறது, டம்மி மடிக்கப்படுவதில்லை, ப்ரூஃப் படிக்கப்படுவதில்லை. விலையை ஆயிரத்துக்கு இத்தனை என்று தாளிலும் நிறத்திலும் மட்டுமே பேசுவதால், ஆன்லைனில் பல ஊர் வேலைகளை ஒரே தாளில் கேங் போட்டு அடித்து கூரியரில் அனுப்புகிறவரோடு நாம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் உள்ளூர் அச்சகம் ஜெயிக்காது. டீலர் கடையில் போய் உட்கார அவரால் முடியாது, உங்களால் முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் தாள், பிளேட், அச்சு, மடிப்பு என்று எழுதும் வரிகளுக்கு மேலே “தமிழ் மேட்டர் தயாரித்தல்” என்று தனி வரி போட்டு, அதற்கு ஒரு தொகையும் போடுங்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். அப்போது மேட்டரின் பொறுப்பு யாருடையது என்பதாவது தெளிவாகும். தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புரோஷருக்கு இவ்வளவு என்று பேசி அவர்களில் ஒருவரை டீலர் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். இந்த வரியைச் சேர்த்த கொட்டேஷன் படிவத்தின் நகலை, வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டு, இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். எந்தத் தொகை எந்த மாதிரி வேலைக்கு ஒத்துவருகிறது என்று மற்றவர்களும் பார்த்துக்கொள்ளும்படி வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.